மலிவுச் செயலியும் அடைத்துவைக்கப்பட்ட திறனும்: விளையாட்டுக் கணினி கட்டுவோரின் தேர்வு வரலாறு

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட தனிநபர் கணினி பெரும்பாலும் பிற நிறுவனங்களின் உதிரிபாகங்களைக் கொண்டே கட்டப்பட்டிருந்தமையால், அப்பாகங்களைச் சந்தையில் தனித்தனியே வாங்கி அதற்கு நிகரான கணினியைத் தாமே சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் வேரூன்றியது. பெட்டி, மின்வழங்கி, நினைவகம், மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை ஆகிய ஒவ்வொன்றுக்கும் பல தயாரிப்பாளர்கள் போட்டியிட்டு விலையைக் கீழே இறக்கினர். கணினியின் கணக்குகளைச் செய்து முடிக்கும் செயலி மட்டும் இரண்டு மூன்று நிறுவனங்களின் கையைவிட்டு அகலவில்லை. இதன் விளைவாகச் செயலியின் விலை அதன் உற்பத்திச் செலவைக் காட்டிலும், எந்த வகை வாங்குபவரிடம் எவ்வளவு பெறமுடியும் என்ற கணக்கையே பெரிதும் சார்ந்து நின்றது. குறைந்த பணத்தில் விளையாட்டுக் கணினி கட்ட விரும்பியோரின் தேர்வு வரலாற்றை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், அவர்கள் வாங்கிய மலிவுச் செயலிகளில் புகழ்பெற்றவை பலவும் விலையுயர்ந்த செயலி ஒன்றிலிருந்து ஏதோ ஒரு திறனை நிறுவனம் வேண்டுமென்றே அடைத்துவைத்த வடிவங்கள் என்பதும், அடைக்கப்பட்ட அத்திறன் தம் விளையாட்டுகளுக்குத் தேவைப்படுமா, தேவைப்பட்டால் அதைத் திறக்க வழி உண்டா என்று கணிப்பதிலேயே வாங்குவோரின் கெட்டிக்காரத்தனம் அடங்கியிருந்தது என்பதும் விளங்கும்.

சிலிக்கான் வில்லை ஒன்றின் மேல் ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான சில்லுகள் உருவாக்கப்பட்டாலும் அவை எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. சில உயர்ந்த வேகத்தில் பிழையின்றி ஓடும், சில குறைந்த வேகத்தில்தான் ஓடும், வேறு சிலவற்றில் ஒரு பகுதி பழுதாகவே பிறக்கும். ஒவ்வொரு சில்லையும் சோதித்து, அதன் இயல்புக்கேற்ற பெயரும் விலையும் இட்டு விற்பதைத் தரம்பிரித்தல் என்பர். ஒரே தோப்பின் மாங்காய்களை ஏற்றுமதிக்கு, உள்ளூர்ச் சந்தைக்கு, ஊறுகாய்க்கு எனப் பிரிப்பது போன்றதே இது என்றாலும், நல்ல பழத்தைக் கீறி ஊறுகாய்க் கூடையில் போடும் வியாபாரி எங்கும் இல்லை. செயலித் தொழிலிலோ, உற்பத்தி முறை முதிர்ந்து பெரும்பாலான சில்லுகள் உயர்தரமாகவே வெளிவரத் தொடங்கிய பிறகும் மலிவு வகைக்கான தேவையை நிறைவேற்றியாக வேண்டியிருந்ததால், நல்ல சில்லுகளே தாழ்ந்த பெயரில் விற்கப்பட்டன.

இம்முறையின் தெளிவான தொடக்ககால எடுத்துக்காட்டு இன்டெல் 1991ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 486எஸ்எக்ஸ் ஆகும். ஐபிஎம்மின் வற்புறுத்தலால் 1982ல் இன்டெல்லுடன் ஒப்பந்தம் செய்து அதன் செயலிகளை இரண்டாவது வழங்குநராகத் தயாரித்துவந்த ஏஎம்டி, 386 தலைமுறைக்கு இன்டெல் அந்த உரிமையை மறுத்ததால் ஏற்பட்ட நீண்ட வழக்குகளுக்கு நடுவே, 1991ல் தன் சொந்த 386 வடிவத்தை வெளியிட்டது. அதன் 40 மெகாஹெர்ட்ஸ் வகை, 33 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிட்ட இன்டெல்லின் 386ஐவிட வேகமானது, விலையும் குறைவு. இந்தப் போட்டியைக் கீழ்மட்டத்தில் எதிர்கொள்ள, 486 செயலிக்குள் தசம எண் கணக்குகளுக்கென்று இருந்த மிதவைப்புள்ளிப் பகுதியை முடக்கிவிட்டு, மீதியை எஸ்எக்ஸ் என்ற பெயரில் இன்டெல் குறைந்த விலைக்கு விற்றது. முடக்கிய பகுதி பின்னாளில் தேவைப்பட்டால் 487எஸ்எக்ஸ் என்ற துணைச்செயலியை வாங்கிப் பொருத்தலாம் என்று அறிவிக்கப்பட்டது. அந்தத் துணைச்செயலியோ உண்மையில் ஒரு முழு 486 செயலியாகவே இருந்து, பொருத்தப்பட்டதும் பழைய எஸ்எக்ஸை உறங்கவைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே செய்தது. வாங்கியவர் ஒரே செயலிக்கு இருமுறை பணம் கொடுத்த இந்த ஏற்பாட்டைக் கணினி வணிகத்தின் துணிச்சலான செயல்களுள் ஒன்றாகக் கருதலாம்.

ஆயினும் விளையாட்டுக்காக எஸ்எக்ஸ் வாங்கியவர் ஏமாறவில்லை. ஐடி சாஃப்ட்வேர் 1993 டிசம்பரில் வெளியிட்ட டூம் விளையாட்டு, தன் கணக்குகளை முழு எண்களைக் கொண்டே செய்யும் நிலைப்புள்ளி முறையில் எழுதப்பட்டிருந்ததால், மிதவைப்புள்ளிப் பகுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே கடிகார வேகத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியே ஓடியது. கடிகார வேகம் என்பது செயலி ஒரு நொடியில் எத்தனை துடிப்புகளுக்கு இயங்குகிறது என்பதன் அளவு. டூமைப் பொறுத்தவரை அந்த வேகமும் திரைக்குத் தரவு செல்லும் பாதையின் அகலமுமே முக்கியமாக இருந்தன. மூன்றாண்டுகளுக்குள் இந்நிலை தலைகீழானது. அதே நிறுவனம் 1996 ஜூனில் வெளியிட்ட குவேக், முழு முப்பரிமாண உலகத்தை வரைய மிதவைப்புள்ளிக் கணக்கை அடித்தளமாகக் கொண்டது. அதன் வரைபொறியைச் செதுக்கிய மைக்கேல் ஏப்ரஷ், இன்டெல்லின் பென்டியம் செயலியில் மிதவைப்புள்ளி வகுத்தல் ஒருபுறம் நடந்துகொண்டிருக்கும்போதே மறுபுறம் முழு எண் பகுதி வேறு வேலையைத் தொடரமுடியும் என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, பதினாறு படப்புள்ளிகளுக்கு ஒருமுறை வகுத்தலைத் தொடங்கிவிட்டு அது முடிவதற்குள் முந்தைய பதினாறு புள்ளிகளையும் வரைந்து முடிக்கும்படி நிரலை அமைத்தார்.

ஒரு நிறுவனத்தின் செயலிக்கு அளவெடுத்துத் தைத்த இந்த நிரலால் பெரிதும் பாதிக்கப்பட்டது டெக்சாஸ் மாநிலத்தின் ரிச்சர்ட்சன் நகரில் இயங்கிய சைரிக்ஸ் நிறுவனம். அதன் 6x86 செயலி அலுவலகப் பணிகளில் பென்டியத்தை மிஞ்சக்கூடியதாக இருந்ததால், தன் உண்மைக் கடிகார வேகத்தைச் சொல்லாமல், எத்தனை மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு நிகரானது என்பதைக் காட்டும் எண்ணையே பெயராகச் சூட்டிக்கொண்டு, 133 மெகாஹெர்ட்ஸில் ஓடிய செயலி பிஆர்166+ என்று விற்கப்பட்டது. அந்த எண்ணை நம்பிக் குறைந்த விலையில் வாங்கியவர்கள், தொடர்வரிசையாக இயங்கும் திறன் இல்லாத அதன் மிதவைப்புள்ளிப் பகுதியால் குவேக் தடுமாறுவதைக் கண்டனர். கணிதத் துணைச்செயலி விற்றே வாழ்வைத் தொடங்கிய ஒரு நிறுவனம் கணிதப் பகுதியின் பலவீனத்தால் பெயரிழந்தது விந்தையே. 1997ல் சைரிக்ஸ் நேஷனல் செமிகண்டக்டருக்குக் கைமாறி, 1999ல் அங்கிருந்து வியா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அலுவலகச் சோதனைகளின் மதிப்பெண்ணும் விளையாட்டின் மதிப்பெண்ணும் வெவ்வேறு என்ற பாடத்தை மலிவுச் செயலி வாங்குவோர் கற்றது இந்த நிகழ்வுக்குப் பிறகுதான். ஏஎம்டி 1998 மே மாதம் கே6-2 செயலியில் 3டி நவ் என்ற பெயரில் ஒரே கட்டளையால் பல மிதவைப்புள்ளிக் கணக்குகளைச் செய்யும் வசதியைச் சேர்த்ததும் இதே குறையை நிரப்பவே.

அதே 1998ஆம் ஆண்டில்தான் மலிவுச் செயலிகளின் வரலாற்றில் இன்றுவரை ஒப்புமைக்கு எடுத்தாளப்படும் சில்லு பிறந்தது. கே6 வரிசையின் விலைப்போட்டிக்கு மறுமொழியாக இன்டெல் ஏப்ரலில் செலரான் என்ற புதிய பெயரில் ஒரு 266 மெகாஹெர்ட்ஸ் செயலியை வெளியிட்டது. இது பென்டியம் 2ன் அதே சில்லு. ஆனால் அதனுடன் பலகையில் இணைந்து வரும் 512 கிலோபைட் இரண்டாம்நிலைக் கேஷ், அதாவது முதன்மை நினைவகத்திலிருந்து அடிக்கடி எடுக்கவேண்டிய தரவைச் செயலிக்கு அருகிலேயே வைத்திருக்கும் விரைவு நினைவகம், முற்றிலும் நீக்கப்பட்டிருந்தது. விமர்சகர்கள் அதைக் கடுமையாகச் சாடினர். நான்கு மாதங்களில் இன்டெல் தன் பிழையைத் திருத்தியது. திருத்தியபோது எல்லை கடந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். 1998 ஆகஸ்ட் 24ல் 149 டாலர் விலையில் வந்த செலரான் 300ஏ, 128 கிலோபைட் கேஷைச் சில்லுக்குள்ளேயே கொண்டிருந்தது. பென்டியம் 2ன் கேஷ் அளவில் நான்கு மடங்கு பெரியதாயினும் வெளியே தனிச் சில்லுகளாக இருந்து செயலியின் பாதி வேகத்திலேயே இயங்கியது. செலரானின் சிறிய கேஷோ செயலியின் முழு வேகத்தில் இயங்கியது. ஆகவே பல விளையாட்டுகளில், கடிகார வேகம் சமமாக இருந்தால் இரண்டுக்கும் இடையே வேறுபாடு மிகச் சொற்பமாகவே இருந்தது.

சமமாக இல்லாத கடிகார வேகத்தைச் சமமாக்கும் வழியும் கையருகே கிடந்தது. ஒரு செயலியின் வேகம் தாய்ப்பலகை தரும் அடிப்படைத் துடிப்பையும் செயலிக்குள் பதிக்கப்பட்ட பெருக்கியையும் பெருக்கக் கிடைப்பது. செலரான் 300ஏவின் பெருக்கி 4.5, அதன் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். இன்டெல் அதே ஆண்டு ஏப்ரலில் வெளியிட்டிருந்த 440பிஎக்ஸ் துணைச்சில்லு கொண்ட பலகைகளோ, உயர்விலைப் பென்டியம் 2க்காக 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை முறைப்படியே ஆதரித்தன. அந்தப் பலகையில் செலரானைப் பொருத்தி, துடிப்பை 100க்கு உயர்த்தினால் செயலி 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அதே ஆகஸ்ட் 24ல் 669 டாலருக்கு வெளியான உச்ச வகைப் பென்டியம் 2ன் வேகமும் 450 மெகாஹெர்ட்ஸ்தான். அறிவிக்கப்பட்டதைவிட அதிக வேகத்தில் செயலியை ஓட்டும் இச்செயலுக்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். அதற்கு முன்பும் அது வழக்கிலிருந்ததுதான் என்றாலும், துடிப்பை உயர்த்தும்போது கிராபிக்ஸ் கார்டும் வட்டுகளும் தம் அளவை மீறி ஓடிக் குழப்பம் விளைவிப்பது அதன் பெருங்குறையாக இருந்தது. 440பிஎக்ஸ் பலகையில் 100 மெகாஹெர்ட்ஸ் என்பது இயல்பான அளவு என்பதால், மற்றப் பாகங்களுக்கான துடிப்புகள் உரிய விகிதத்தில் வகுக்கப்பட்டு, செயலி ஒன்றைத் தவிர வேறெதுவும் வரம்பு மீறவில்லை. தைவானின் ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 போன்ற பலகைகளில் இந்த மாற்றத்தைத் திரையிலுள்ள அமைப்புப் பட்டியலிலேயே செய்யமுடிந்தது; அவ்வசதி இல்லாத பலகை வைத்திருந்தோர், செயலி அட்டையின் பி21 என்ற இணைப்பு முனையைச் சிறு நாடாத் துண்டால் மறைத்து, வந்திருப்பது 100 மெகாஹெர்ட்ஸ் செயலி என்று பலகையை நம்பவைத்தனர்.

இதில் குறிப்பிடத்தக்க ஒரு முரண் உண்டு. அதனுடனேயே வந்த, விலை கூடிய செலரான் 333ன் பெருக்கி 5 என்பதால் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் அது 500ஐ எட்டியாக வேண்டும், அப்போதைய 0.25 மைக்ரான் உற்பத்தி முறையில் எல்லாச் சில்லுகளாலும் அது இயலவில்லை. குறைந்த பெருக்கி கொண்ட மலிவான சில்லே நம்பகமான தேர்வாயிற்று. தரவரிசைப்படி விலை வைத்த நிறுவனத்தின் ஏணியில் கீழ்ப்படியில் நின்றவருக்கே உயரம் எளிதாக எட்டியது. இன்டெல்லின் விற்பனைப் பிரிவு இதைக் கண்டு மகிழ்ந்திருக்க முடியாது. பெருக்கியை மாற்றமுடியாதபடி பூட்டும் வழக்கத்தை இன்டெல் அதற்குள் மேற்கொண்டிருந்தது. குறைந்த வேகச் செயலியின் மேலெழுத்தைச் சுரண்டிவிட்டு உயர்ந்த எண்ணை அச்சிட்டு விற்ற மோசடிக்காரர்களைத் தடுப்பது அதன் காரணங்களுள் ஒன்று. அடிப்படைத் துடிப்பு பலகையின் கையில் இருந்ததால் அந்தப் பூட்டு இங்கே பயன்படவில்லை.

ஏஎம்டியின் மறுமொழி 2000 ஜூனில் டுரான் என்ற பெயரில் வந்தது. அந்நிறுவனத்தின் அத்லான் செயலியின் 256 கிலோபைட் இரண்டாம்நிலைக் கேஷை 64 ஆகக் குறைத்த வடிவமாக இருந்தும், 128 கிலோபைட் முதல்நிலைக் கேஷ் குறைக்கப்படாததால் அதன் இழப்பு சிறிதாகவே இருந்தது. மேலும், செயலியின் மேற்பரப்பில் வெளிப்படையாகத் தெரிந்த சிறு இணைப்புப் பாலங்களை வெட்டியே ஏஎம்டி பெருக்கியைப் பூட்டியிருந்தது; வெட்டப்பட்ட இடத்தில் சாதாரண எழுதுகோலின் முனையால் கோடிட்டால், அதிலுள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்திப் பூட்டைத் திறந்துவிடும் என்பது விரைவில் தெரியவந்தது. பல கோடி டாலர் ஆலையில் இட்ட பூட்டு பள்ளிப் பிள்ளையின் பென்சிலுக்குத் திறந்த இக்காலத்தை மலிவுச் செயலி வாங்குவோரின் பொற்காலம் என்று பழையோர் இன்றும் குறிப்பிடுவதில் வியப்பில்லை. அதற்கு ஒரு விலையும் இருந்தது: உலோக மூடியில்லாத அச்சில்லுகளின் மேல் குளிர்விப்பானைச் சாய்வாக அழுத்தினாலே மூலை உடைந்து செயலி பாழாகும், அதற்கு எந்த உத்தரவாதமும் கைகொடுக்காது. 2003ல் வந்த அத்லான் எக்ஸ்பி 2500+ வகைக்கு அந்தப் பென்சிலும் தேவைப்படவில்லை. பதினொன்று என்ற அதன் பெருக்கியை 166க்குப் பதில் 200 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் ஓட்டினால் அது பன்மடங்கு விலையுள்ள 3200+ ஆகவே மாறிவிடும். இரண்டுக்கும் எண்ணைத் தவிர வேறு வேற்றுமை இல்லை.

இந்தியாவில் இவ்வழக்கத்தின் களமாக இருந்தவை தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு ஆகியவை. நிறுவன முத்திரை பெற்ற கணினிகளின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதிருந்த காலத்தில், ‘அசெம்பிள்டு’ என்று பெயர்பெற்ற, கடைக்காரரே பாகங்களைச் சேர்த்துத் தரும் கணினியே தமிழகத்தின் பல வீடுகளுக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கும் சென்றது. வெளிநாட்டு இதழ்கள் டாலரில் கணித்த சிக்கனம் இங்கே அப்படியே பொருந்தவில்லை. துடிப்பை மாற்றும் வசதியுள்ள பலகை விலை கூடியது என்பதால், செயலியில் மிச்சமானது பலகையில் கரைந்தது. கோடை வெப்பத்தில் குளிர்சாதனமில்லாத அறையில் மிகைவேகம் தாங்கும் எல்லையும் சுருங்கியது. பெட்டியில் வரும் செயலிக்கு நிறுவனமே மூன்றாண்டு உத்தரவாதம் தர, ‘ட்ரே’ என்ற பெயரில் உதிரியாக வரும் மலிவுச் செயலிக்கு விற்பவரின் வாக்கே உத்தரவாதமாக இருந்தது.

இன்டெல்லைப் பொறுத்தவரை, பென்டியம் 4ன் காலம் மலிவு வாங்குவோருக்குச் சுவையற்றது. அதைக் கடந்து 2006 ஜூலையில் கோர் 2 டுவோ வந்தபின்தான் ஆட்டம் மீண்டும் சூடுபிடித்தது. ஒரே சில்லில் இரண்டு கோர்கள், அதாவது தனித்தனியே கணக்கிடவல்ல இரண்டு செயற்பகுதிகள், இடம்பெற்ற அவ்வரிசையில் கேஷ் குறைக்கப்பட்ட கடைநிலை வகையான இ2160, ஒன்பது பெருக்கியும் 200 மெகாஹெர்ட்ஸ் துடிப்புமாக 1.8 கிகாஹெர்ட்ஸில் விற்கப்பட்டு, துடிப்பை 333க்கு உயர்த்தியவர்களிடம் 3 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. 2009 ஜூனில் ஏறத்தாழ 100 டாலருக்கு ஏஎம்டி விற்ற ஃபீனம் 2 எக்ஸ்2 550 இன்னும் ஒருபடி மேலே போயிற்று. நான்கு கோர்கள் கொண்ட சில்லில் இரண்டை முடக்கி அது உருவாக்கப்பட்டிருந்தது. சில பலகைகளில் வேறொரு காரணத்துக்காக வைக்கப்பட்டிருந்த ஓர் அமைப்பை இயக்கினால் முடங்கிய கோர்கள் விழித்துக்கொண்டன. விழித்தவை நலமாக இயங்குமா என்பது அந்தந்தச் சில்லின் விதி: உண்மையிலேயே பழுதானதால் முடக்கப்பட்டவையும் சந்தைத் தேவைக்காக முடக்கப்பட்ட நல்லவையும் ஒரே பெட்டியில் ஒரே பெயரில் வந்தன. இதனை வாங்கும் முறையாகப் பரிந்துரைப்பதைவிடப் பரிசுச்சீட்டு என்று அழைப்பதே நேர்மை.

இந்தக் கதவுகளையெல்லாம் இன்டெல் 2011 ஜனவரியில் ஒரே வீச்சில் சாத்தியது. சாண்டி பிரிட்ஜ் என்ற தலைமுறையில் அடிப்படைத் துடிப்பை உருவாக்கும் பகுதியே துணைச்சில்லுக்குள் சேர்க்கப்பட்டு, மற்றெல்லாப் பாகங்களின் துடிப்பும் அதனுடன் பிணைக்கப்பட்டதால், அதை ஒருசில விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த இயலாமற்போனது. மிகைவேகம் விரும்பினால், பெருக்கி திறந்துவிடப்பட்ட கே என்ற பின்னொட்டுள்ள செயலியையும் அதற்கேற்ற உயர்விலைப் பலகையையும் வாங்கவேண்டும். 216 டாலருக்கு விற்ற ஐ5-2500கே அருமையான செயலி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவரை மலிவு வாங்குவோர் தம் துணிவால் எடுத்துக்கொண்ட ஒன்று, அன்றுமுதல் விலைப்பட்டியலில் தனிவரியாக ஏறிவிட்டது. போட்டியளித்திருக்கவேண்டிய ஏஎம்டி, அதே ஆண்டு அக்டோபரில் எஃப்எக்ஸ் வரிசையை வெளியிட்டது. இரண்டிரண்டு கோர்கள் ஒரே மிதவைப்புள்ளிப் பகுதியைப் பகிரும் அமைப்பால் எட்டு கோர் என்ற விளம்பரத்துக்கேற்ப அது விளையாடவில்லை. அவ்விளம்பரம் குறித்த வழக்கு 2019ல் 12.1 மில்லியன் டாலர் உடன்பாட்டில் முடிந்தது.

அளவுகோலே மாறியதும் இதே காலத்தில்தான். ஒரு விளையாட்டு நொடிக்குச் சராசரியாக எத்தனை ஃபிரேம்களை, அதாவது படச்சட்டங்களை, வரைகிறது என்பதைக் கொண்டே அதுவரை செயலிகள் ஒப்பிடப்பட்டன. தி டெக் ரிப்போர்ட் இதழின் ஸ்காட் வாசன் 2011 செப்டம்பரில் வெளியிட்ட கட்டுரையில், சராசரி அறுபதாக இருந்தாலும் சில ஃபிரேம்கள் உரிய 16.7 மில்லிநொடிக்குப் பதில் பலமடங்கு நேரம் எடுத்தால் ஆட்டம் திக்கித்திணறும் என்பதைச் சுட்டி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே அளக்கும் முறையை முன்வைத்தார். மலிவுச் செயலிகளின் குறை சராசரியில் மறைந்து, இந்தப் புதிய அளவீட்டில் வெளிப்பட்டது.

அதற்குச் சரியான சாட்சியாக 2014ன் பென்டியம் ஜி3258 அமைந்தது. பென்டியம் பெயரின் இருபதாண்டு நிறைவைக் கொண்டாட, 72 டாலர் விலையில் பெருக்கி பூட்டப்படாத இரண்டு கோர் செயலியை இன்டெல் வெளியிட்டபோது, செலரான் 300ஏ மறுபிறவி எடுத்ததாகவே பலர் மகிழ்ந்தனர், 3.2 கிகாஹெர்ட்ஸ் சில்லை 4.2க்கும் அதற்கு மேலும் ஓட்டினர். ஆனால் முந்தைய ஆண்டே, 2013 நவம்பரில், எட்டு எளிய கோர்கள் கொண்ட பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவை வந்துவிட்டிருந்தன. விளையாட்டு எழுதுவோர் வேலையைப் பல இழைகளாகப் பிரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டிருந்தனர். 2014 நவம்பரில் வந்த ஃபார் க்ரை 4 இரண்டு இழைகள் மட்டுமே உள்ள செயலியில் தொடங்கவே மறுத்துக் கருந்திரையில் நின்றது. எத்தனை கிகாஹெர்ட்ஸ் கூட்டினாலும் இல்லாத கோரை உண்டாக்க முடியாது. பழைய வெற்றியின் நினைவைக்கொண்டு புதிய சில்லை மதிப்பிட்டதே அந்த உற்சாகத்தின் பிழை. 1998ல் அடைக்கப்பட்டிருந்தது வேகம், 2014ல் அடைக்கப்பட்டிருந்தது இணைநிலைத் திறன்.

ஆறாண்டுத் தேக்கம் 2017ல் உடைந்தது. ஜனவரியில் 64 டாலருக்கு வந்த பென்டியம் ஜி4560, ஒரு கோரை இரண்டு இழைகளாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங் வசதியை முதல்முறையாக அப்பெயரில் மலிவு மேசைக் கணினிக்குத் தந்து, தன் அண்ணனான ஐ3ன் சந்தையையே அரித்தது. ஏப்ரலில் ஏஎம்டி ஆறு கோர், பன்னிரண்டு இழைகளுடன் ரைசன் 5 1600 செயலியை 219 டாலருக்கு, பெருக்கி பூட்டப்படாமலும் குளிர்விப்பானுடனும் விற்றது. அக்டோபரில் இன்டெல் வெளியிட்ட ஐ3-8100, அதே ஆண்டுத் தொடக்கத்தில் 182 டாலர் ஐ5-7400 தந்த நான்கு கோர்களை 117 டாலருக்குத் தந்தது. இத்தனை ஆண்டு நான்கு கோர்களோடு நின்றது தொழில்நுட்பத்தின் எல்லையால் அன்று, போட்டியின்மையால்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இதற்கு இணையாகச் சீனாவில் வேறொரு மலிவு வழி வளர்ந்தது: 2012ல் 1,500 டாலருக்கு மேல் விற்ற எட்டு கோர் ஜியான் இ5-2670 போன்ற சர்வர் செயலிகள் தரவு மையங்களிலிருந்து கழிக்கப்பட்டு மிகச் சொற்ப விலைக்கு வந்தபோது, அவற்றைப் பொருத்தப் புதிய பலகைகளைச் சீனப் பட்டறைகள் உருவாக்கி, ரஷ்யா, பிரேசில் வரை அனுப்பின.

இதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அடைத்துவைத்தலின் வகைகள் நுட்பமாயின. உள்ளமைந்த கிராபிக்ஸை முடக்கி எஃப் என்ற எழுத்துடன் விற்கும் வகையை இன்டெல் 2019ல் தொடங்கியது. தனிக் கிராபிக்ஸ் கார்டு வாங்குபவர் இதில் இழப்பது அனேகமாக ஒன்றுமில்லை, கார்டு பழுதானால் திரை இருண்டுவிடும் என்பதைத் தவிர. 2022 ஜனவரியில் 97 டாலருக்கு வந்த ஐ3-12100எஃப் இவ்வகையின் சிறந்த சான்று. இதற்கு நேரெதிரான தேவையும் எழுந்தது: மறைநாணயம் தோண்டுவோர் கிராபிக்ஸ் கார்டுகளை வாரிச்சென்ற 2018ல், நல்ல உள்ளமைந்த கிராபிக்ஸுடன் 99 டாலருக்குக் கிடைத்த ரைசன் 3 2200ஜி, கார்டே இல்லாமல் எளிய ஆட்டங்களை ஆடவைத்துப் பலரைக் காத்தது.

கேஷ் மீண்டும் மையத்துக்கு வந்தது இக்காலத்தின் சுவையான திருப்பம். 2022 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி, செயலிச் சில்லின் மேல் இன்னொரு சில்லை அடுக்கி 96 மெகாபைட் மூன்றாம்நிலைக் கேஷைக் கொண்டு, தன்னைவிடக் கடிகார வேகம் கூடிய செயலிகளைப் பல விளையாட்டுகளில் வென்றது. அதே மாதம் வந்த இரண்டு மலிவு வகைகளைப் பிரித்ததும் கேஷே. 159 டாலர் ரைசன் 5 5500க்கும் 199 டாலர் 5600க்கும் ஆறு கோர்கள், பன்னிரண்டு இழைகள் என்ற முதல் வரி ஒன்றேயாயினும், முன்னது மடிக்கணினிக்கான வேறொரு சில்லின் கிராபிக்ஸை முடக்கிப் பெற்றது. அதன் மூன்றாம்நிலைக் கேஷ் 16 மெகாபைட், பின்னதன் கேஷ் 32. கிராபிக்ஸ் கார்டுடன் பேசும் பாதையும் முன்னதில் ஒரு தலைமுறை பழையது, ஆகவே பாதையின் அகலம் குறைக்கப்பட்ட மலிவுக் கார்டுகளுடன் சேரும்போது குறை இரட்டித்தது. கோர் எண்ணிக்கையை மட்டும் படித்து 5500ஐத் தேர்ந்தவர், சைரிக்ஸின் பிஆர் எண்ணை நம்பியவருக்கு நேர்ந்ததையே மென்மையான வடிவில் அனுபவித்தார்.

இன்னொரு காரணி எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் நெடுங்காலம் இடம்பெறவில்லை: செயலி அமரும் சாக்கெட் எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்பது. இன்டெல் இரண்டு தலைமுறைகளுக்கு ஒருமுறை பெரும்பாலும் பலகையை மாற்றவைத்தபோது, ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2017ன் முதல் ரைசனிலிருந்து தொடர்ந்து நீடித்தது. அந்நீடிப்பும் தானாக வந்துவிடவில்லை; ரைசன் 5000 வரிசையைப் பழைய பலகைகளில் ஆதரிக்க இயலாது என்று 2020 மே மாதம் அறிவித்த ஏஎம்டி, வாங்கியோரின் எதிர்ப்புக்குப் பின் 400 வரிசைப் பலகைகளுக்கு இணங்கி, 2022ல் 2017ன் 300 வரிசைப் பலகைகளுக்கும் வழிவிட்டது. இதனால், 2017ல் பி350 பலகையில் ரைசன் 5 1600 பொருத்தியவர், பலகைத் தயாரிப்பாளர் பயாஸ் எனப்படும் தொடக்க நிரலின் புதிய பதிப்பைத் தந்திருந்தால், அதே பலகையிலும் அதே நினைவகத்திலும், 2024 ஜனவரியில் 249 டாலருக்கு வெளியான எட்டு கோர், 96 மெகாபைட் கேஷ் கொண்ட ரைசன் 7 5700எக்ஸ்3டியைப் பொருத்திக்கொள்ள முடிந்தது. 2017ல் அந்தப் பலகையை விற்றவருக்கோ வாங்கியவருக்கோ இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அன்றைய விலையில் இதற்கென ஒரு ரூபாயும் சேர்க்கப்படவில்லை.